கடைசிப் பட்டியலில் யார் பெயர்?



நீளமான பதிவு இது. நேரம் கிடைக்கும்போது ஆற அமரப் படியுங்கள்.

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டால் அமெரிக்காவில் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரே பேச்சுதான். "எங்க டீம்ல யாரை வெச்சிருக்காங்க, யாரைக் கட் பண்ணிட்டாங்க தெரியுமா?" அவர்கள் சொல்வது நாம் ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவதும், எறிவதும், முட்டி மோதித் தடுப்பதுமாக நடக்கும் அமெரிக்கக் கால்பந்து. ஆட்டத்தை விட, சீசன் தொடங்கும் முன் அணிக்கு ஆள் பொறுக்கும் அந்த ஒரு வாரத்தின் வரலாறுதான் என்னை அதிகம் இழுத்தது.

காரணம் உங்களுக்கே தெரியும். தேர்ச்சிப் பட்டியல், தரவரிசைப் பட்டியல், காத்திருப்போர் பட்டியல் என்று பட்டியல்களுக்கு நடுவில்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். உங்களில் எத்தனையோ பேர் ஏதாவது ஒரு பட்டியலில் தன் பெயர் இல்லாததைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள்தான். அப்படி விடுபட்ட ஒருவனைப் பற்றி ஒரு பட்டியல் உண்மையில் என்ன சொல்கிறது? அந்த ஆட்டத்தின் நூறாண்டு வரலாறு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

என்.எஃப்.எல். என்ற அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீகில் 32 அணிகள். கோடையில் பயிற்சி முகாம் தொடங்கும்போது ஓர் அணியில் 90 பேர் வரை இருக்கலாம். சீசனுக்கு முன் பெரும்பாலும் மூன்று பயிற்சி ஆட்டங்கள் ஆடுவார்கள். அவை முடிந்ததும் 90 பேர் 53 பேராகக் குறைய வேண்டும். சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்ததும் உண்டு. 2023 முதல் மறுபடியும் ஒரே வெட்டு. ஓர் அணிக்கு 37 பேர் வீதம் 32 அணிகளுக்குப் பெருக்கிப் பாருங்கள். 1,184 பேர். ஏறத்தாழ அத்தனை இளைஞர்களின் வேலை ஒரே கெடுவில் போகிறது.

போனவர்களில் நான்கு சீசன் முழுமையாகச் சேவை செய்த மூத்தவர்கள் உடனே எந்த அணியிலும் சேரலாம். மற்றவர்கள் 'வேவர்' என்ற வரிசைக்குப் போவார்கள். போன ஆண்டு மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் உரிமை. ஒரு நாள் கெடுவுக்குள் வேறு அணி எதுவும் கேட்கவில்லை என்றால் அந்த ஆள் சுதந்திரமானவர், அதாவது வேலை இல்லாதவர். அப்படி இருப்பவர்களிலிருந்து ஒவ்வோர் அணியும் 16 பேரைப் பயிற்சிக் குழுவில் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும். 16 பெருக்கல் 32, 512. மீதிப் பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். முகாமில் கிடைப்பது சிறு வாரப்படிதான். ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம் சீசன் தொடங்கிய பிறகுதான் வரத் தொடங்கும். கடைசி நாளில் விடுபட்டவருக்குப் பெரும்பாலும் அந்தச் சம்பளம் கண்ணால் பார்த்ததோடு சரி.

இந்தச் செய்தியைச் சொல்ல ஒவ்வோர் அணியிலும் ஓர் ஆள் உண்டு. வீரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'துருக்கன்'. காலையில் அறைக் கதவைத் தட்டி, "பயிற்சியாளர் கூப்பிடுகிறார், ஆட்டக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு வா" என்பார். அவ்வளவுதான். குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

இனி வரலாறு.

இந்த லீக் 1920-ல் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில், ஒரு மோட்டார் கார் விற்பனைக் கூடத்தில் பிறந்தது. 1925-ல்தான் ஓர் அணியில் இத்தனை பேர்தான் என்று முதல் உச்சவரம்பு வந்தது. எத்தனை பேர் தெரியுமா? 16. களத்தில் 11 பேர், வெளியே ஐந்து பேர். அன்று ஒரே ஆள் தாக்கியும் ஆடினார், தடுத்தும் ஆடினார், பந்தை உதைக்கவும் செய்தார். ஆகையால் அன்றைய பயிற்சியாளர் தேடியது உடம்பு தாங்கக்கூடிய, எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஆளை.

உச்சவரம்பு மெல்ல மெல்ல உயர்ந்தது. 1940-ல் 33. போர்க் காலத்தில் இளைஞர்கள் ராணுவத்துக்குப் போய்விட்டதால் 1943-ல் 28 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டு ஆள் போதாமல் பிட்ஸ்பர்க் அணியும் ஃபிலடெல்ஃபியா அணியும் ஒன்றாகச் சேர்ந்தே ஆடின. ஆள் கிடைக்காத காலத்தில் யாரையும் 'தகுதி இல்லை' என்று எளிதில் தள்ளுவதில்லை என்பதையும் இதில் கவனிக்க வேண்டும். 1950-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்ற விதி நிலைபெற்றது. அதன் பிறகு தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு ஒரு கூட்டம், உதைக்கும் நேரத்தில் மட்டும் ஓடுவதற்கு ஒரு கூட்டம் என்று பிரிந்தது. 'எல்லாம் தெரிந்தவன்' போய், 'ஒன்றை நன்றாகத் தெரிந்தவன்' வந்தான். 53 என்ற இன்றைய எண் 1993-ல் வந்தது.

எண் மாறும்போது 'தகுதி' என்ற சொல்லின் பொருளும் மாறுகிறது. 1925-ல் 16 பேருக்குள் வர முடியாத ஒருவன், அதே உடம்போடும் அதே திறமையோடும் 1993-ல் 53 பேருக்குள் வந்திருப்பான். அந்த ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கூடியது நாற்காலியின் எண்ணிக்கை.

இந்த ஆள் பொறுக்கும் வேலையை ஒரு கல்வி முறை போல மாற்றியவர் பால் பிரவுன். கேன்டனுக்குப் பக்கத்தில் உள்ள மாசிலன் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் 1932 முதல் 1940 வரை பயிற்சியாளராக இருந்தவர். பிறகு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம், கடற்படைப் பயிற்சி நிலையம் என்று போய், 1946-ல் கிளீவ்லாந்தில் தொடங்கிய புதிய தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அந்த அணிக்கு அவர் பெயரையே வைத்தார்கள், 'பிரவுன்ஸ்'. அவர் வீரர்களைக் களத்துக்கு அனுப்பும் முன் வகுப்பறையில் உட்கார வைத்தார். நோட்டுப் புத்தகம் கொடுத்து எழுத வைத்தார், தேர்வு வைத்தார். ஆட்டத்தைப் படம் பிடித்து, ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஓட்டத்திலும் என்ன செய்தார் என்று மதிப்பெண் போட்டார். 40 கஜ ஓட்டத்துக்கு நேரம் குறித்தார். அதுவரை பயிற்சியாளரின் 'பார்வைக்குத் தோன்றியது' என்பதுதான் அளவுகோல். பிரவுன் அதை எழுத்தில் கொண்டுவந்தார்.

சுவையான ஒரு செய்தி. 33 பேர்தான் என்ற வரம்புக்கு வெளியே இருந்தும் நல்ல ஆட்களை விட்டுவிட அவருக்கு மனமில்லை. அணியின் முதலாளி டாக்சி நிறுவனமும் வைத்திருந்தார். மிஞ்சிய வீரர்களை அந்த டாக்சி நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் சேர்த்து, பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். 'டாக்சி ஸ்குவாட்' என்ற சொல் அப்படித்தான் பிறந்தது. இன்றைய 16 பேர் பயிற்சிக் குழுவுக்கு அதுதான் மூதாதை.

அதே 1946-ல் அவர் இன்னொன்றும் செய்தார். 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.-இல் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் எந்தப் பட்டியலிலும் ஒரு பெயரும் இல்லை. 1946-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வந்த ராம்ஸ் அணி, பொது மைதானத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் கறுப்பின வீரர்களைச் சேர்க்க வேண்டும் என்ற நெருக்கடி வந்த பிறகு கென்னி வாஷிங்டனையும் வூடி ஸ்ட்ரோடையும் சேர்த்தது. அதே ஆண்டு போட்டி லீகில் ஆடிய கிளீவ்லாந்தில் பால் பிரவுன் பில் வில்லிஸ், மரியன் மாட்லி என்ற இருவரைச் சேர்த்தார். வில்லிஸ் பல்கலைக்கழகத்தில் அவரிடமே ஆடியவர். மாட்லி பள்ளி நாட்களில் பக்கத்து ஊர் கேன்டனிலிருந்து வந்து அவருடைய மாசிலன் அணியை எதிர்த்து ஆடியவர், பிறகு கடற்படை நிலையத்திலும் அவரிடம் ஆடியவர். அதாவது பிரவுன் இருவரையும் தம் கண்ணால் பார்த்திருந்தார். அடுத்தவர் சொன்ன பேச்சு அவருக்குத் தேவைப்படவில்லை. கிளீவ்லாந்து அந்தப் போட்டி லீகின் நான்கு பட்டங்களையும் வென்று, 1950-ல் என்.எஃப்.எல்.-இல் சேர்ந்த முதல் ஆண்டே அங்கும் பட்டம் வென்றது. வில்லிஸும் மாட்லியும் பின்னாளில் புகழரங்கில் இடம் பெற்றார்கள்.

இப்போது நேர் எதிரான கதை.

1955. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி தன் ஊர்ப் பையன் ஒருவனைக் கல்லூரி வீரர்கள் தேர்வில் ஒன்பதாவது சுற்றில் எடுத்தது. பெயர் ஜானி யுனைட்டஸ். ஐந்து வயதில் தந்தையை இழந்தவர். அவர் ஆடும் இடம் குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவெடுக்கும், அணியின் மூளை போன்ற இடம் அது. அணியில் ஏற்கெனவே ஜிம் ஃபிங்க்ஸ் இருந்தார். ராணுவச் சேவை முடித்து டெட் மார்ச்சிப்ரோடா திரும்பியிருந்தார். விக் ஈட்டன் என்ற இன்னொரு புதியவரும் இருந்தார். நான்கு பேர், பட்டியலில் இடமோ 33-தான். பயிற்சியாளர் வால்ட் கீஸ்லிங் யுனைட்டஸை அனுப்பிவிட்டார்.

அனுப்பியதைக் கூட நான் குறை சொல்ல மாட்டேன். நால்வரில் ஒருவர் போகத்தான் வேண்டும். குறை எங்கே என்றால், சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் யுனைட்டஸை ஒரு நிமிடம்கூடக் களத்தில் இறக்கவில்லை. தேர்வே எழுத விடாமல் 'தேறவில்லை' என்று எழுதிவிட்டார்கள். இந்த ஆட்டத்துக்கு வேண்டிய புத்திக்கூர்மை பையனிடம் இல்லை என்று கீஸ்லிங் நினைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

யுனைட்டஸ் ஊருக்குத் திரும்பிக் கட்டுமான வேலைக்குப் போனார். மாலையில் புளூம்ஃபீல்ட் ராம்ஸ் என்ற உள்ளூர் அணியில் ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு ஆடினார். 1956-ல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. அந்த அணியின் பயிற்சியாளர் வீப் யூபேங்க். அவர் யார் தெரியுமா? பால் பிரவுனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்து பாடம் கற்றவர்.

அந்த அக்டோபரில் முதல் குவார்ட்டர்பேக் ஜார்ஜ் ஷா காலில் அடிபட்டு விழ, யுனைட்டஸ் களம் இறங்கினார். அவர் எறிந்த முதல் பந்தை எதிரணி பறித்துக்கொண்டு போய்ப் புள்ளி எடுத்தது. அன்று அணி படுதோல்வி. வேறு ஒருவராக இருந்தால், "பிட்ஸ்பர்க்காரர்கள் சரியாகத்தான் கணித்தார்கள்" என்று உட்கார வைத்திருப்பார். யூபேங்க் அடுத்த ஆட்டத்துக்கும் அவரையே இறக்கினார். அந்த 1956-ல் தொடங்கி 1960 வரை, தொடர்ந்து 47 ஆட்டங்களில் ஒரு டச்டவுனுக்காவது பந்து எறிந்தார் யுனைட்டஸ். அந்தச் சாதனையை 2012-ல்தான் டிரூ பிரீஸ் முறியடித்தார். 1958 டிசம்பர் 28-ல் நியூயார்க் யாங்கி மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. பால்டிமோர் 23-17 என்று வென்றது. அந்த ஆட்டத்தைத்தான் இன்றும் அமெரிக்காவில் மிகச் சிறந்த ஆட்டம் என்று பெரியவர்கள் பேசுகிறார்கள். அந்தக் காலத்தில் அடுத்து என்ன ஆட்டம் ஆடுவது என்பதைக் களத்திலேயே குவார்ட்டர்பேக்தான் முடிவு செய்வார். புத்தி போதாது என்று சொல்லப்பட்டவர்தான் அன்று அத்தனை முடிவுகளையும் எடுத்தார். பிட்ஸ்பர்க் அணியோ முதல் பட்டத்துக்கு 1975 ஜனவரி வரை காத்திருந்தது.

பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது ஒரு பயிற்சியாளரின் பழக்கமாக இருந்தால் ஒரு யுனைட்டஸ் பாதிக்கப்படுவார். ஒரு லீகின் பழக்கமாகவே இருந்தால்?

மார்லின் பிரிஸ்கோ என்ற கறுப்பின இளைஞரை 1968-ல் டென்வர் அணி தடுப்பாட்டக்காரராக எடுத்தது. கல்லூரியில் அவர் குவார்ட்டர்பேக். 'அந்த இடத்துக்கு எனக்கும் சில நாள் சோதனை வைத்தால்தான் கையெழுத்துப் போடுவேன்' என்று கேட்டு வாங்கிக்கொண்டார். சீசன் நடுவில் மற்றவர்களுக்கு அடிபட்டபோது அணிக்கு அவர் நினைவு வந்தது. ஐந்து ஆட்டங்களில் முதல் ஆளாக இறங்கி, அந்த ஆண்டு 14 டச்டவுன் எறிந்தார். அந்த அணியின் புதுமுகங்களில் அதுவரை யாரும் செய்யாதது. அடுத்த ஆண்டு முகாமுக்கு முன்பே, அவரை விட்டுவிட்டுக் குவார்ட்டர்பேக் கூட்டங்கள் நடப்பது தெரிந்தது. அணியை விட்டு வெளியேறி, பஃபலோ அணியில் பந்து பிடிக்கும் ஆளாக இடம் மாறினார். 1970-ல் அந்த இடத்திலும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். 1972-ல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத மயாமி அணியில் அவரும் ஒருவர். தொழில்முறை ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்காக முதல் ஆளாய் இறங்கும் வாய்ப்பு மட்டும் அவருக்கு மறுபடி வரவேயில்லை.

பத்தாண்டு கழித்து வாரன் மூன். 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் ஆட்டத்தின் சிறந்த வீரர். ஆனாலும் அந்த ஆண்டு எந்த என்.எஃப்.எல். அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. குவார்ட்டர்பேக்காகவே ஆட வேண்டும் என்று கனடாவுக்குப் போனார். எட்மன்டன் அணியோடு தொடர்ந்து ஐந்து கோப்பைகள். 1984-ல் அமெரிக்க அணிகள் அவருக்காகப் போட்டி போட்டன. 2006-ல் புகழரங்கில் சேர்ந்த முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவர்தான். இவர்களுடைய திறமையை யாரும் எடைபோட்டுத் தள்ளவில்லை. தராசில் ஏற்றவே மறுத்தார்கள்.

இனி நல்ல கண் உள்ள ஒருவரைப் பற்றி.

1976-ல் ஃபிலடெல்ஃபியா அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் டிக் வெர்மீல். வின்ஸ் பப்பாலி என்று ஒரு பள்ளி ஆசிரியர், வயது 30. கல்லூரியில் இந்த ஆட்டமே ஆடாதவர், ஓட்டப்பந்தய வீரர். சிறிது காலம் ஓடி மூடப்பட்ட ஒரு சிறு லீகில் மட்டும் ஆடியவர். வெர்மீல் சோதித்துப் பார்த்தார், முகாமில் கவனித்தார், கடைசிப் பட்டியலில் வைத்துக்கொண்டார். எதற்காக? பந்தை உதைத்ததும் முதல் ஆளாக ஓடிப் போய் எதிராளியை மடக்குவதற்காக. 'ஸ்பெஷல் டீம்ஸ்' என்பார்கள். மூன்று சீசன் அந்த வேலையைச் செய்தார் பப்பாலி. அவர் கதையைப் பின்னாளில் திரைப்படமாகவே எடுத்தார்கள்.

பட்டியலின் கடைசி ஐந்தாறு இடங்களுக்கு யார் என்பது பெரும்பாலும் இந்த வேலையில்தான் முடிவாகிறது. முதல் ஆளுக்குப் பதில் ஆளாக இருந்தால் மட்டும் போதாது. மற்ற நேரத்தில் அணிக்கு என்ன செய்வாய் என்று கேட்பார்கள். ஸ்டீவ் டாஸ்கர் என்பவரை 1986-ல் ஹூஸ்டன் அணி விட்டபோது பஃபலோ அணி வேவர் வழியில் எடுத்துக்கொண்டது. பந்து உதைக்கும்போது ஓடும் அந்த ஒரு வேலைக்காகவே ஏழு முறை நட்சத்திர ஆட்டத்துக்குப் போனார். 'சின்ன வேலை' என்று ஒதுக்காதவருக்குப் பட்டியலில் இடம் இருக்கிறது.

அடுத்தது கர்ட் வார்னர். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை மனப்பாடம். 1994-ல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத அவரை கிரீன் பே அணி முகாமுக்கு மட்டும் கூப்பிட்டது. அங்கே அவருக்கு முன்னால் பிரெட் ஃபாவ்ர், மார்க் புரூனெல், டை டெட்மர். சீசன் தொடங்கும் முன் அனுப்பிவிட்டார்கள். அயோவா மாநிலத்தில் ஒரு மளிகைக் கடையில், மணிக்கு ஐந்தரை டாலர் கூலிக்கு, இரவு நேரத்தில் அலமாரிகளில் சாமான் அடுக்கினார். பிறகு உள்ளரங்கக் கால்பந்து, அதன் பிறகு ஆம்ஸ்டர்டாம் அணி. 1998-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் மூன்றாவது ஆள். 1999-ல் புதிதாகத் தொடங்கிய அணிக்கு ஆள் கொடுக்கும்போது, 'இவரை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற பட்டியலில் வார்னர் பெயரையும் வைத்தார்கள். எடுக்க ஆளில்லை!

அந்த ஆகஸ்டில், சீசனுக்கு முந்தைய ஓர் ஆட்டத்தில் முதல் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் போய்விட்டது. பயிற்சியாளர் யார்? அதே டிக் வெர்மீல். பெயர் பெற்ற வெளியாள் ஒருவரைத் தேடி ஓடாமல், கண் கலங்கியபடி, வார்னரை வைத்தே ஆடுவோம் என்று அறிவித்தார். முந்திய ஆண்டு 4 வெற்றி மட்டுமே பெற்ற அணி, அந்த ஆண்டு 13 வெற்றி. வார்னர் எறிந்தது 41 டச்டவுன். 2000 ஜனவரி 30-ல் சூப்பர் பவுல் பட்டம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1994-ல் வார்னரை விட்ட கிரீன் பே அணி தப்புச் செய்ததா? என் கணிப்பில் இல்லை. அவர்கள் வைத்துக்கொண்ட ஃபாவ்ர் 1995, 1996, 1997 என்று மூன்று ஆண்டும் லீகின் சிறந்த வீரர் விருது பெற்றார். அவர்களிடம் அன்று இருந்தது சில நாற்காலிகள். அதில் சரியான ஆட்களைத்தான் உட்கார வைத்தார்கள். அந்த முடிவும் சரி, வார்னரின் திறமையும் உண்மை. இரண்டும் ஒன்றை ஒன்று பொய்யாக்கவில்லை. விடுபட்டதாலேயே ஒருவன் திறமை இல்லாதவன் ஆகிவிடுவதில்லை. அதேபோல, விடுபட்டவன் பிறகு சாதித்ததாலேயே விட்டவர்கள் குருடர்கள் என்றும் ஆகிவிடாது.

கடைசியாக டாம் பிரேடி. 2000-ஆம் ஆண்டு தேர்வில் 199-வது ஆளாக நியூ இங்கிலாந்து அணி எடுத்தது. அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் டிக் ரேபைன், குவார்ட்டர்பேக் பயிற்சியாளர். அவரைத்தான் தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக் பிரேடியைப் பார்த்து வர அனுப்பியிருந்தார். பார்த்தவருக்குப் பிடித்துவிட்டது. அந்த முகாம் முடிவில் ஏற்கெனவே மூன்று குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். பொதுவாக இரண்டு அல்லது மூன்று பேர்தான் வைப்பார்கள். பெலிசிக் நான்காவதாகப் பிரேடியையும் 53 பேரில் வைத்தார். யுனைட்டஸும் நான்கில் ஒருவர், பிரேடியும் நான்கில் ஒருவர். அங்கே ஒருவரைக் குறைத்தார்கள், இங்கே ஓர் இடத்தைத் தியாகம் செய்து நால்வரையும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு முழுதும் பிரேடி எறிந்தது மூன்றே பந்து. 2001 ஆகஸ்டில் ரேபைன் 45 வயதில் காலமானார். அடுத்த மாதம் முதல் ஆளான டிரூ பிளெட்சோவுக்கு அடிபட்டு, பிரேடி களம் இறங்கினார். முன்கூட்டியே கண்டுகொண்டவர்களில் ஒருவர் அதைப் பார்க்க இல்லை.

2002 பிப்ரவரி 3, நியூ ஆர்லியன்ஸ். சூப்பர் பவுல் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மளிகைக் கடையில் சாமான் அடுக்கிய வார்னர். மறுபக்கம் நான்காவது ஆளாகப் பட்டியலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பிரேடி. 17-17 என்று இருந்தபோது, நேரம் முடியும் கடைசி நொடியில் 48 கஜ தூரத்திலிருந்து பந்தை உதைத்து வெற்றி தேடித் தந்தவர் ஆடம் வினாட்டியெரி. அவரும் யாரும் தேர்ந்தெடுக்காதவர்தான். ஆம்ஸ்டர்டாமில் ஆடிவிட்டு, 1996 முகாமில் மூத்த வீரர் ஒருவரோடு போட்டி போட்டு இடம் பிடித்தவர். இலட்சக்கணக்கானோர் பார்த்த அந்த ஆட்டத்தின் மூன்று முக்கியமான ஆட்களும் ஏதோ ஓர் ஆகஸ்டில் கதவு தட்டும் சத்தத்துக்குப் பயந்து படுத்திருந்தவர்கள்.

சரி, இதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது?

"பார், அவர்கள் எல்லாம் விடுபட்டு ஜெயித்தார்கள், நீயும் ஜெயிப்பாய்" என்று நான் சொல்ல மாட்டேன். அது பாதி உண்மை. ஒரு வார்னருக்குப் பின்னால், பெயர்கூட யாருக்கும் தெரியாமல் ஊர் திரும்பிய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வேறு வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, நன்றாகவே வாழ்ந்திருப்பார்கள். அதுவும் தோல்வி இல்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பட்டியல் என்பது அன்றைய தேதியில், அந்த இடத்தில், இத்தனை நாற்காலி, அதற்கு யார் வேண்டும் என்ற கேள்விக்கு ஒருவர் எழுதிய விடை. ஆளின் மதிப்பு எவ்வளவு என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. ஆகவே விடுபட்ட பிள்ளை அந்தத் தாளைத் தன் ஜாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டியலை எழுதும் இடத்தில் இன்று உங்களில் பலர் இருக்கிறீர்கள். தலைமையாசிரியர்களாக, மேலாளர்களாக, வேலைக்கு ஆள் எடுப்பவர்களாக. உங்களுக்குத்தான் இந்த வரலாறு அதிகம் பொருந்தும். எல்லோரையும் எடுத்துக்கொள்ள முடியாது, வெட்டத்தான் வேண்டும். அதில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் வெட்டும் முன் அந்த ஆளை ஒருமுறை களத்தில் இறக்கிப் பாருங்கள். ரேபைன் மாதிரி எழுந்து போய்ப் பாருங்கள். கீஸ்லிங் மாதிரி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதாதீர்கள். முதல் பந்து தவறினாலும் யூபேங்க் மாதிரி இரண்டாவது ஆட்டம் கொடுங்கள். பார்த்த பிறகு வெட்டினால், அந்தப் பிள்ளைக்கு வருத்தம் இருக்கும், மனக்காயம் இருக்காது.

உங்கள் வீட்டில் இந்த ஆண்டு ஏதாவது பட்டியலில் பெயர் விடுபட்ட பிள்ளை இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்களைச் சரியாகக் கண்டுகொண்டு ஓர் இடம் கொடுத்தவர் யாராவது இருந்தால், அவரைப் பற்றிக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்